பேனருக்குப் பிறகு எழுதிய பரீட்சை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போகாது. கட்டிய வெள்ளைக்காரனுக்குக் கல் தீர்ந்துபோனதோ, மனது தீர்ந்துபோனதோ, யாருக்குத் தெரியும். மேலே தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். அந்தப் பக்கம் சண்டை நடந்தால் தீர்ப்புச் சொல்லும் வேலை நமக்கு.

நான் இந்தப் பக்கம் தனியாக இருக்கிறவள். பெயர் நாகலெட்சுமி. என் வீட்டுக்காரர் கொழும்புக்கு ஹோட்டல் வேலைக்குப் போனார், போனவர் போனவர்தான். அதற்கு மேல் அதைப் பற்றி என்னிடம் கேட்கக் கூடாது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. அம்மாமார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். பகல் முழுக்க அழுகையும் சிரிப்பும் மூத்திரத் துணியுமாக இருக்கும். மாலையில் காம்பராவுக்கு வந்தால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. அடுப்போடு பேசினால் அடுப்பு பதில் சொல்லாது.

அந்தப் பக்கம் சின்னராசா அண்ணனும் அவர் மகள் பூரணியும். அண்ணன் கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடியைக் கத்தியால் வாரி வெட்டிவிட்டு வந்து, பிறகு இருட்டும்வரை ஆற்றோரம் மரக்கறி போட்ட துண்டு நிலத்தில் நிற்பார். பெண்சாதி மஞ்சள்காமாலையில் போன பிறகு அவருக்குப் பேச்சு இன்னும் குறைந்துவிட்டது. ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளை உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு எடுத்தபோது தோட்டமே சிரித்தது. “பொம்பளப் புள்ளைக்கு என்னாத்துக்குக் கணக்கு, கலையில போனா டீச்சராவாவது வரலாம்ல” என்றார்கள். அவள் காதில் வாங்கவில்லை. விடிகிற பஸ்ஸில் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்து, பல்கலைக்கழகத்துக்குப் பௌதிகவியல் படிக்கப் போனாள். சிரித்த வாய்களெல்லாம் அன்றைக்கு மூடிக்கொண்டன. எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம்.

அவள் பட்டம் முடித்து வந்த நாளை நான் மறக்க மாட்டேன். பஸ் நிற்கிற இடத்தில் இளைஞர் மன்றத்துப் பையன்கள் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். ‘எமது தோட்டத்தின் முதலாவது விஞ்ஞானப் பட்டதாரி செல்வி சி. பூரணியை வாழ்த்தி வரவேற்கிறோம்.’ நடுவில் கறுப்பு அங்கி போட்டுத் தொப்பி வைத்த பூரணியின் படம். சுற்றிலும் மன்றத் தலைவன் நிரோஷனும் அவன் கூட்டாளிகளும், கறுப்புக் கண்ணாடியோடு, அவள் படத்தைவிடப் பெரிதாக. பட்டம் வாங்கியது யார் என்று வெளியூர்க்காரன் கேட்டால் நிரோஷனைத்தான் காட்டுவான். சரி, பிள்ளைகள் ஆசையாகச் செய்தது, போகட்டும்.

தப்பு மேளம் அடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். சின்னராசா அண்ணன் மாலையோடு நின்றார். பஸ்ஸிலிருந்து இறங்கிய பூரணி பேனரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போனது. வெட்கம் என்று நினைத்தேன். “சிரியேண்டி, போட்டோ எடுக்கிறாங்கல்ல” என்று நானே போய் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். அவள் சிரித்தாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அண்ணன் காம்பராவில் மாட்டினார்.

அதற்குப் பிறகுதான் முணுமுணுப்பு தொடங்கியது. நான் வேலை முடிந்து வந்து அடுப்புப் பற்றவைக்கிற நேரத்தில் சுவருக்கு மேலிருந்து வரும். ஒரே குரல், ஒரே சீர். நடுவில் நின்றுவிடும். பிறகு கோபமாக, “இல்ல, இல்ல, தப்பு” என்று கேட்கும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். காம்பராவில் வேறு ஆள் இல்லை, அண்ணன் மரக்கறித் துண்டில் நிற்பார். போனில் பேசுகிறாளோ என்றால், எங்கள் லயத்தில் போனுக்கு சிக்னல் ஏது? சிக்னல் வேண்டுமென்றால் மேலே தண்ணீர்த் தொட்டிக்கு ஏற வேண்டும்.

எனக்குக் கேட்டது மற்றவர்களுக்கும் கேட்டது. கடைசிக் காம்பரா வீரம்மா தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வைத்துச் சொல்லிவிட்டாள். “படிச்சுப் படிச்சு மூள கொழம்பிருச்சு. இல்லன்னா காத்து கருப்பு பட்டிருக்கு. கோடாங்கிய கூப்புட்டு உடுக்கை அடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்.” வீரம்மா வாயில் விழுந்தால் அது லயம் முழுக்கப் போகும். அண்ணன் காதுக்கும் போனது. அவர் கோடாங்கியை விசாரிக்க ஆள் அனுப்பினார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. அன்று மாலை முணுமுணுப்பு வந்ததும் கரண்டியால் சுவரில் ஓங்கி அடித்தேன்.

“ஏய் பூரணி! யார்கூடடி பேசுற?”

சத்தம் நின்றது. “யாரும் இல்லக்கா.”

“யாரும் இல்லாததுனாலதான் கேக்குறேன். ஒனக்குப் பேய் புடிச்சிருக்குன்னு லயமே சொல்லுது. ஒங்கப்பா கோடாங்கி தேடுறாரு. என்னான்னு சொல்லு, இல்லன்னா நானே வந்து வேப்பங்கொழைய எடுப்பேன்.”

கதவு திறந்தது. என் காம்பராவுக்குள் வந்து அடுப்புக்குப் பக்கத்தில் குந்தினாள். கையில் அச்சடித்த தாள்கள் ஒரு கட்டு. 

“நான் இன்னும் பாஸ் பண்ணலக்கா.”

“என்னா பாஸ் பண்ணல?”

“பட்டம். இன்னும் கெடைக்கல. ஒரு பாடம் பாக்கி இருக்கு.”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்தப் படம்? அந்த அங்கி? கேட்டேன். ராகலைப் பக்கத்துக் கிருஷாந்தி அவளுடைய கூட்டாளி. கிருஷாந்தியின் பட்டமளிப்புக்கு இவள் கைதட்டப் போயிருக்கிறாள். வெளியே வந்ததும் அவள் தன் அங்கியைக் கழற்றி, “நீயும் போட்டுப் பாருடி, அடுத்த வருசம் ஒனக்குத்தான்” என்று இவளுக்கு மாட்டிப் படம் எடுத்து, பேஸ்புக்கில் போட்டுவிட்டாள். அதைத்தான் நிரோஷன் பார்த்திருக்கிறான். பார்த்தவன் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. பேனருக்குக் கொடுத்துவிட்டான். தோட்டத்தில் ஒரு பிள்ளை அங்கி போட்டு நிற்பதைப் பார்த்தால் எங்களுக்குக் கேள்வி கேட்கத் தோன்றாது. கண் கலங்கத்தான் தோன்றும்.

“அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடி! பஸ்ஸ விட்டு எறங்குன ஒடனே சொல்லியிருக்கலாம்ல!”

“அப்பா சட்டைய அயன் பண்ணிப் போட்டிருந்தாருக்கா” என்றாள்.

எனக்கும் அந்தச் சட்டை ஞாபகம் இருந்தது. அண்ணன் தன் கல்யாணத்துக்குக்கூட அப்படி மடிப்புக் கலையாமல் நின்று நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் அவளை என்னால் திட்ட முடியவில்லை.

பாக்கியிருந்த பாடத்தின் பெயர் பௌதிகவியலுக்கான கணித முறைகள். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் விழுந்திருக்கிறாள். விதிப்படி இன்னும் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம். அதுவும் போனால் பட்டம் கிடையாது. பல்கலைக்கழகத்தில் கழித்த வருஷமெல்லாம் தண்ணீரில் போட்டதுதான். இங்கேயோ அவளைப் பட்டதாரி மிஸ் என்று கூப்பிடுகிறார்கள். கோயில் திருவிழாவில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். “ஏன் இன்னும் வேல கெடைக்கல” என்று கேட்டால், “விண்ணப்பம் போட்டிருக்கு” என்பாள். பொன்னாடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசிப் பெட்டிக்குக் கீழே மடித்து வைத்திருந்தாளாம்.

“தோத்தவங்களுக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் இருப்பாங்கக்கா. எனக்கு அதுவும் இல்ல. எல்லாரும் சந்தோசமா இருக்காங்க. நான் மட்டும் இவங்க நடுவுல தனியா நிக்கிறேன்.”

 தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

“அப்படி என்னாதான்டி அந்தப் பாடம்?”

“சூடு எப்படிப் பரவுது, கம்பி எப்படி அதிருது, தண்ணி எப்படி ஓடுது, இதையெல்லாம் கணக்கா எழுதி, அந்தக் கணக்கப் போட்டு முடிக்கிற வழிங்கக்கா. அதுதான் மத்த எல்லாப் பாடத்துக்கும் அடி. அந்த அடியிலதான் நான் வழுக்கி விழுந்தேன்.”

முணுமுணுப்பின் காரணத்தையும் சொன்னாள். அங்கே விடுதியில் நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி சொல்ல மற்றவர்கள் கேட்டுத்தான் படிப்பார்களாம். மற்ற மூன்று பேரும் பாஸாகிப் போய்விட்டார்கள். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் கடைசியாக வந்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. கிருஷாந்தியிடம் சந்தேகம் கேட்டால், “நோட்ஸ் அனுப்புறேன்டி” என்பாள். அனுப்பமாட்டாள், அவளுக்குப் பள்ளிக்கூட வேலை, புருஷன் வீடு. நம் பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்துக் கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர்தான். அவரிடம் கேட்டால் இந்தப் பிள்ளை எதற்கு இதைப் படிக்கிறது என்று அவருக்கு உடனே விளங்கிவிடும். இந்த மலை முழுக்க அந்தக் கணக்கைப் பற்றிப் பேச அவளுக்கு ஒரு ஆள் இல்லை. அதனால் சுவரோடு பேசியிருக்கிறாள்.

“சுவரு வேணாம். எனக்குச் சொல்லு” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டவள் நான், அதை மறைக்கவில்லை. எனக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் கதை கேட்கத் தெரியும். சின்ன வயதில் எங்கள் லயத்தில் கதை சொல்கிறவர்கள் ‘ம்’ கொட்ட ஆள் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டார்கள். ம் நின்றால் கதையும் நிற்கும், தூங்கிவிட்டாயா என்று குரல் வரும்.

“நீ பாட்டுக்குச் சொல்லு. வெளங்குனா ம்னு சொல்றேன். வெளங்கலன்னா வாய மூடிக்கிருவேன். சத்தம் வரலன்னா திருப்பிச் சொல்லு. ஆனா இங்கிலீசு, எழுத்து, குறி ஒண்ணும் வேணாம். நம்ம பேச்சுல சொல்லு.”

முகத்தைப் பார்த்தால் தனக்கு வராது என்றாள். அதனால் அவள் அந்தப் பக்கமே இருந்தாள், நான் இந்தப் பக்கம் வெங்காயம் உரித்தேன். அடுத்த நாளிலிருந்து தொடங்கிவிட்டோம்.

முதல் கதை ஒரு கம்பி. நடுவில் சூடாக்கிவிட்ட இரும்புக் கம்பி. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு சூடு, நேரம் போகப் போக அதுவும் மாறும்.

“எடத்துக்கு எடம் மாறுது, நேரத்துக்கு நேரமும் மாறுது. ரெண்டும் ஒண்ணாச் சிக்கிக் கெடக்குறதுனாலதான் கணக்குக் கஷ்டம். அதுனால என்னா பண்றோம்னா, எடத்த ஒரு பக்கம், நேரத்த ஒரு பக்கம் பிரிச்சு வைக்கிறோம்.”

“ம்.”

“நடுவுல சமன் குறி. இந்தப் பக்கம் எடம் மட்டும். அந்தப் பக்கம் நேரம் மட்டும். இதுக்கு அது தெரியாது, அதுக்கு இது தெரியாது. ஆனா எப்பவும் ரெண்டும் சமமா இருக்கணும். அப்புடின்னா ரெண்டுமே மாறாத ஒரே எண்ணாத்தான் இருக்க முடியும்.”

நான் சத்தம் காட்டவில்லை.

“அக்கா? வெளங்கலையா?”

“வெளங்குச்சு. எம்புருசன் ஞாபகம் வந்துருச்சு. அந்தாளப் பத்தி எனக்குத் தெரியாது, என்னப் பத்தி அந்தாளுக்குத் தெரியாது, ரெண்டு பேரும் மாறல.”

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் வந்த பிறகு வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. லயத்திலும் பேச்சு மாறியது. ஒரு குரல் கேட்டால்தானே பேய்? இரண்டு குரல் கேட்டால் வெறும் அரட்டை. வீரம்மாவுக்கு ஏமாற்றம். கோடாங்கிப் பேச்சு அப்படியே அடங்கியது.

இப்படி மழைக்காலம் முழுக்கப் போனது. தகரத்தில் மழை விழுந்தால் கத்திச் சொல்வாள், நானும் கத்தி ம் கொட்டுவேன். ஒருநாள் எப்படிப்பட்ட கோணல் வடிவத்தையும் சின்னச் சின்ன அலைகளாகப் பிரிக்கலாம், அந்த அலைகளைக் கூட்டினால் பழைய வடிவம் திரும்ப வரும் என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை, வாயை மூடிக்கொண்டேன். அவள் யோசித்துவிட்டு, “பிள்ளக்காம்பராவுல எல்லாப் புள்ளையும் ஒண்ணா அழுதா என்னா பண்ணுவீங்க?” என்றாள். யார் யார் அழுகிறார்கள் என்று கதவுக்கு வெளியிலிருந்தே எனக்குத் தெரியும் என்றேன். “அதேதாங்கக்கா. ஒங்க காது அங்க பிரிக்குது. நாங்க தாள்ல பிரிக்கிறோம்.” அன்றைக்கு எனக்கு ஒரு பெருமை வந்தது. மறுநாள் வேலையில் அழுகைச் சத்தம் கேட்டபோது எரிச்சல்கூடக் குறைவாகத்தான் வந்தது.

பிறகுதான் அந்த நாள் வந்தது. பரீட்சையில் இரண்டு தடவையும் கேட்டிருந்த கணக்கைச் சொன்னாள். அதே கம்பி. ஆனால் இரண்டு முனையையும் சூடு வெளியே போகாதபடி மூடிச் சுற்றியிருக்கிறது. அவள் வழக்கம்போல ஓட்டமாகச் சொல்லிக்கொண்டே போனாள். “ரெண்டு முனையிலயும் சூடு பூச்சியம். அதுனால இந்த அலை, அதுனால இந்த விடை.” நான் வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பச் சொன்னாள். ம் வரவில்லை. மூன்றாம் தடவை எரிச்சலோடு, “எதுங்கக்கா வெளங்கல?” என்றாள்.

“நீதானடி மூடி வச்சிருக்குன்னு சொன்ன? மூடியிருந்தா சூடு உள்ளுக்குத்தான கெடக்கும்? அப்பறம் முனையில எப்புடி பூச்சியமாகும்?”

கதை கேட்கிற எவருக்கும் வரும் சந்தேகம்தான் இது. இதில் என் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது, நான் இறக்கி வைத்தேன், அப்போதும் சத்தம் இல்லை. பயந்துபோய்க் கதவைத் தட்டினேன். தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

டவுனில் தனியார் வகுப்பில் அவளுக்குப் பழக்கிவிட்டது அப்படி. கேள்வியின் முதல் வரியைப் பார், எந்த வகை என்று கண்டுபிடி, பாடமாக்கின விடையை இறக்கு. உயர்தரத்தில் அது பலித்தது. பல்கலைக்கழகத்திலும் அப்படியே செய்திருக்கிறாள். கம்பி என்று கண்டதும், முனைகளை ஐஸில் வைத்த கணக்கு ஒன்றைப் பாடமாக்கி வைத்திருந்தாளே, அதைக் கொண்டுபோய் இறக்கிவிட்டாள். முனை மூடியிருக்கிறது என்று கேள்வியில் எழுதியிருந்தது. அவள் வாசித்தும் இருக்கிறாள். ஆனால் கம்பியை மனதில் பார்க்கவே இல்லை.

“ரெண்டு தடவையும் அதே பெழைங்கக்கா. ஒரே எடத்துல ரெண்டு தடவ விழுந்திருக்கேன். இது ஒண்ணுதான்னு இல்ல. முழுப் பாடத்தையும் இப்புடித்தான் படிச்சிருக்கேன். எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

“தெரியாதுன்னு இப்பவாவது தெரிஞ்சுதே. கண்ணத் தொடை. மொதல்லேருந்து சொல்லு. எனக்கு வேற வேல இல்ல.”

உண்மையிலேயே எனக்கு வேறு வேலை இல்லை. சொல்லப்போனால் அந்த மாலைகளுக்காகத்தான் நான் பகலைத் தள்ளினேன். எனக்கென்று ஒருவர் உட்கார்ந்து கதை சொல்லி எத்தனை காலம் ஆயிற்று! இவள் பாஸானால் வேலை கிடைத்துப் போய்விடுவாள், சுவருக்கு அந்தப் பக்கம் அடங்கிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நாள்கூட ம் கொட்டாமல் விட்டதில்லை. அவள் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை எந்தக் கணக்குக்கும் எழுதுவதற்கு முன்னால், பொருள் என்ன, ஓரத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவாள்.

பரீட்சைக்குப் போகும்போது அப்பாவிடம் வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று சொன்னாள். வேறு என்ன சொல்வாள்? சின்னராசா அண்ணன் நெற்றியில் திருநீறு பூசி, பையைத் தானே தூக்கிக்கொண்டு பஸ்வரைக்கும் வந்தார். நானும் போனேன். பேனர் வெயிலிலும் பனியிலும் வெளுத்து, அவள் முகம் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது. கறுப்பு அங்கி மட்டும் தெரிந்தது. நிரோஷன் அங்கே நின்று, “இன்டர்வியூ நல்லாச் செய்ங்க மிஸ்!” என்றான். அவனை அந்த இடத்திலேயே ஒரு அறை விட்டால் என்ன என்று தோன்றியது. நல்ல பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும். பூரணி ஜன்னலோரம் உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் போனாள்.

மறுநாள் மாலை சுவருக்கு மேல் குரல் வந்தது.

“மூடுன கம்பி வரலக்கா.”

 “அப்பறம் என்னா வந்துச்சு?”

“ஒரு வட்டமான தோல். இழுத்துக் கட்டி, நடுவுல தட்டி விட்டா எப்புடி அதிரும்னு கேட்டிருந்தாங்க. நான் பாடமாக்கவே இல்லாத கணக்கு.”

“ஐயோ.”

“கொஞ்ச நேரம் பேனாவக் கீழ வச்சுட்டு நம்ம தப்பு மேளத்தத்தான் நெனச்சுக்கிட்டேன். விளிம்புல தோலு கட்டியிருக்கு, அங்க அசையாது. மத்த எடமெல்லாம் அசையும். அதுலேருந்து ஆரம்பிச்சேன். நீங்க பக்கத்துல இருக்குற மாதிரி மனசுக்குள்ள சொல்லிச் சொல்லி எழுதினேன். முடிச்சுட்டேன். சரியா பெழையான்னு தெரியல.”

பிறகு காத்திருப்பு. அது ஒரு நரகம். அவள் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். மாலையில் சொல்லக் கணக்கும் இல்லை, பேச்சும் இல்லை. சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் சும்மா இருந்தோம்.

முடிவு வந்த நாள் பகல் சாப்பாடு முடிந்து பிள்ளைகளைத் தூங்கப்போட்டிருந்தேன். அத்தனையையும் தட்டித் தட்டித் தூங்கவைத்துவிட்டு நிமிர்ந்தால் ஜன்னலில் பூரணி. தலையெல்லாம் தூறல். போனைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். எனக்கு மூக்குக் கண்ணாடி போட்டாலும் அந்தச் சின்ன எழுத்துத் தெரியாது. கதவைத் திறந்து, “என்னா?” என்று வாயசைத்தேன்.

“பாஸ்” என்று அவளும் வாயைத்தான் அசைத்தாள். தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டாள் பாவி.

நான் கத்த வேண்டிய நேரம் அது. கத்த முடியவில்லை. ஒன்று எழுந்தால் எல்லாம் எழுந்துவிடும். சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவளைக் கட்டிப்பிடித்தேன். இரண்டு பேரும் தொட்டில்களுக்கு நடுவில் சிமெந்துத் தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதோம், சிரித்தோம். சி சித்தி, வெறும் பாஸ்தானாம், பெரிய புள்ளி ஒன்றுமில்லை. சித்தி சித்திதானே!

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள். “அப்பாக்கிட்ட ஓடிப் போய்ச் சொல்லணும் போல இருக்குக்கா.”

“போய்ச் சொல்லேன்டி. இப்பவே போ.”

“என்னான்னு சொல்றது?”

 அவர் கணக்கில் அவள் எப்போதோ பாஸ். மாலை போட்டாயிற்று, தப்பு அடித்தாயிற்று, படம் சுவரில் தொங்குகிறது. நிஜமான பட்டமளிப்புக்கு அவரை எப்படிக் கூட்டிப்போவாள்? அவள் உயிரைக் கொடுத்து ஜெயித்த நாளன்று அவளை வாழ்த்த இந்தத் தோட்டத்தில் ஒருவரும் மிச்சமில்லை. எல்லாரும் முன்னாலேயே வாழ்த்தி முடித்துவிட்டார்கள். பூரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈரத் தலையோடு லயத்துக்கு நடந்து போனாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. இப்படியும் ஒரு அநியாயம் உண்டா? வேலை முடிந்து வரும் வழியில் கடையில் ரவையும் சீனியும் முந்திரிக் கஜுவும் வாங்கினேன். பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றி, மாஜரீனைக் கணக்குப் பார்க்காமல் போட்டு, கேசரி கிண்டினேன். மணம் சுவரைத் தாண்டி லயம் முழுக்கப் போனது. வீரம்மாதான் முதலில் வந்தாள்.

“என்னா நாகு விசேசம்?”

நான் அதற்குப் பதில் யோசித்து வைக்கவில்லை. “எனக்குப் பொறந்த நாளு” என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். லயமே திரண்டு வந்தது. “சொல்லவே இல்லயே!” என்று ஒருத்தி, “ஒனக்குமா பொறந்த நாளு!” என்று ஒருத்தி. பிள்ளைகள் கைதட்டிப் பாடின. நிரோஷன் எங்கிருந்தோ ஒரு மெழுகுவர்த்தி கொண்டுவந்து கேசரிச் சட்டியின் நடுவில் நட்டான். ஊதச் சொன்னார்கள், ஊதினேன். பிறந்ததிலிருந்து யாரும் எனக்கு இப்படிச் செய்ததில்லை. கடைசியில் சின்னராசா அண்ணனும் வந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “நூறு வருசம் நல்லா இருக்கணும் தங்கச்சி” என்றார். 

அவருக்குப் பின்னால் பூரணி. தலையைத் துவட்டி, வேறு உடுப்புப் போட்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“பொறந்த நாள் வாழ்த்துங்கக்கா” என்றாள்.

“ஒனக்குந்தாம்மா. ஒனக்குந்தான்” என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாக.

அண்ணன் சிரித்துவிட்டார். “அவளுக்கு எதுக்குங்க? அவ தை மாசத்துலல்ல பொறந்தா.”

“வாய் தவறிருச்சுண்ணே” என்று சொல்லிவிட்டு, அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கேசரி வைத்தேன்.